சோதித்துப் பரிசளிப்போர்

2025 பிப்ரவரி பதினான்காம் நாள் மாலை, மல்காஜ்கிரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இரானி டீக்கடையில், போலாரத்தைச் சேர்ந்தவரும் என்னோடு பழகிவருபவருமாகிய ஜெஸ்ஸி, நான் பரிசளித்த புத்தம்புதிய கைக்கடிகாரத்தை வேறொரு பெண்ணுடையது என்று குற்றம்சாட்டினார். இதை முற்றாக மறுக்கிறேன். எனக்கு முன் அதை யாரும் கட்டியதில்லை.

வாசகரே, சோதித்துப் பரிசளிப்போர் என்றோர் இனம் உண்டு. காதலிக்கு வாங்கிய வாசனை மெழுகுவத்தி புகைகிறதா என்று பாதிவரை எரித்துப் பார்ப்பவர். கரடி பொம்மையின் சாயம் போகிறதா என்று துவைத்து, மாடிக் கொடியில் காதுக்குக் கிளிப்பிட்டுக் காயவைப்பவர். சாக்லேட் பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் அதற்குத் தரப் பரிசோதனை என்று பெயரிடுபவர். யாரும் கற்றுத்தரவில்லை, இணைய விமர்சனங்களைப் படித்துப் படித்து நாங்களே தேறினோம். கெட்டுப்போன பொருளை அன்புக்குரியவர் கையில் கொடுக்கலாமா? கூடாது. ஆகவே முதலில் நாங்களே கெடுத்துப் பார்த்துவிடுகிறோம்.

கடிகாரம் நேரம் தவறாமல் ஓடுகிறதா என்று அறிய, ஒரு வாரம் அதை நானே கட்டிக்கொண்டு அலுவலகம் சென்றேன். ரோஜா நிறப் பட்டையைக் கடைசி ஓட்டையில்தான் பூட்ட முடிந்தது. உடன் பணிபுரியும் ஸ்ரீகாந்த் அக்காட்சியைப் படமெடுத்தார். ஆவணமாயிற்றே என்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜெஸ்ஸி பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை விரிந்திருந்தது.

"நந்து, இது யாரு கட்டின வாட்ச்?"

ரசீதை நீட்டினேன். என் பெயர், கடை முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. தேதியில்தான் வழக்கு தோற்றது.

"போன வாரமே வாங்கியிருக்கே. இதுவரைக்கும் யாரு கையில இருந்துச்சு?"

"என் கையிலதான்."

"நக்கோ, வேணாம் நந்து. பொய்யாவது ஒழுங்கா சொல்லு. ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்னு டாடிகிட்ட சொல்லிட்டேன். இப்ப என்னன்னு போய்ச் சொல்றது?"

எழுந்து தோள்பையையும் மாட்டிவிட்டார். வேறு வழியின்றிப் படத்தைக் காட்டினேன். முழுக்கைச் சட்டை, மீசை, கணினி, ரோஜா நிறக் கடிகாரம். ஜெஸ்ஸி நெடுநேரம் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மேசைமேல் தலை கவிழ்த்து, நான் அழவைத்துவிட்டேனென்று நினைத்து டீ கொண்டுவந்தவர் என்னை முறைக்கும் அளவுக்குத் தோள் குலுங்கச் சிரித்தார்.

"வா. ஆனா கையில ஒண்ணும் கொண்டுவராதே."

படம் அன்றே அவருடைய குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போயிற்று. நான் குற்றமற்றவன் என்பதை இப்போது போலாரமே அறியும். 'ஒன்றும்' என்பதில் கேக் அடங்குமா என்று ஜெஸ்ஸிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. கேக்கைச் சுவைத்துப் பார்த்தாயிற்று.

சிரிக்கும் வாசகரே, பரிசளித்த மறுவாரமே "அதைப் பயன்படுத்துகிறாயா?" என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லையா? இல்லையெனில் அதைக் கையொப்பமிட்டு எழுத்து மூலம் தெரிவிக்கவும். வாய்மொழி மறுப்பு ஏற்கப்படாது.