நாற்பது பிடி அரிசி

மனைவி கெங்கம்மா தமக்கு இழைத்த அநீதிகளை ராசையா ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். தேதியில்லாத குறை குறையே அல்ல என்பது தொழிற்சங்கத்தில் அவர் கற்ற முதல் பாடம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், சாட்சி என்று மூன்று கட்டம் போட்டிருந்தார்.

ஒன்று: 1918, ஆவணி. கல்யாணமான மூன்றாம் மாதம். கணவன் முதன்முதலாக மேடையேறிப் பேசினான், மனைவி வரவில்லை. கேட்டதற்கு, மாவு அரைக்க வேண்டும் என்றாள். அதற்குப் பின் நடந்த அறுபத்திரண்டு கூட்டங்களுக்கும் அதே மாவு.

இரண்டு: 1928, வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று. தோழர்கள் போட்ட சாமந்தி மாலையை ஆணியில் மாட்டச் சொன்னால், அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஆடு நாரைக்கூட விடவில்லை.

மூன்று: அதே வருஷம். வேலைநிறுத்தம் தோற்று, இரும்புப் பட்டறையிலிருந்து ராசையாவை வெளியே அனுப்பிய பிறகு, பரணில் மிஞ்சியிருந்த துண்டுப் பிரசுரங்களில் இட்லி மடித்தாள். தொழிலாளர் விழித்தார்களோ இல்லையோ, துறைமுக வாசலில் இரண்டு வருஷம் எல்லோர் கையிலும் பிரசுரம் இருந்தது.

நான்கு: 1930, ஐப்பசி. மேற்படி செயலைக் கண்டித்து ராசையா வீட்டிலேயே உண்ணாவிரதம் இருந்தார். கெங்கம்மா அதை மதித்தாள். மதித்து, அடுப்பை அணைத்து, பானையைக் கவிழ்த்து, திருவொற்றியூரில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் ராசையா தம் கோரிக்கையைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஐந்து: 1932, தை. வாயில்லா ஜீவன்களுக்காகத் தெருவே தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும்போது, கெங்கம்மா மட்டும் மாட்டேன் என்றாள்.

ஐந்திலும் சாட்சிக் கட்டம் காலி. கெங்கம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ராயபுரத்தில் ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் அவள் இட்லியைத் தின்றவர்கள்.

அந்த ஐந்தாவது அநீதியில்தான் ராசையா மாட்டிக்கொண்டார்.

வரதன் என்பவருக்கு ராயபுரத்தில் அரிசி மண்டி இருந்தது. துறைமுகத்தில் பஞ்சு மூட்டை இழுக்க முப்பது மாட்டு வண்டிகளும் இருந்தன. திடீரென்று ஒரு நாள் அவருக்கு மாடுகள் மீது இரக்கம் பிறந்தது. வாயில்லா ஜீவ ரட்சக சபை என்று ஒன்றைத் தொடங்கி, அன்றிலிருந்து வரதனார் ஆனார். எண்ணூரில், உப்பளத்துக்கு அப்பால், உழைத்து ஓய்ந்த மாடுகளுக்குக் கொட்டகை போட்டுக் காப்பாற்றுவதாகச் சொன்னார். எண்ணூர் தூரம். ஆகவே எல்லோரும் நம்பினார்கள்.

பெண்கள் படித்தால் அழ வேண்டும், அப்படி ஒரு நோட்டீசு வேண்டும் என்று அவர் ராசையாவைக் கூப்பிட்டனுப்பினார். ராசையா அதற்காக ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ளவில்லை. 1928-ஆம் வருஷத்துப் பிரசுரத்தில் ஒரே ஒரு பிரதி இட்லிக்குத் தப்பியிருந்தது. அதை எடுத்து, 'தொழிலாளி' என்று வந்த இடமெல்லாம் அடித்து 'மாடு' என்று எழுதினார். 'முதலாளி' என்று வந்த இடங்களில் 'விதி' என்று போட்டுக்கொள்ளலாமே என்றார் வரதனார். போட்டுக்கொண்டார்கள்.

'அம்மா! சுமை ஏற்றினார்கள், சுமந்தேன். வயிற்றில் அடித்தார்கள், பொறுத்தேன். தெம்பு இருந்த மட்டும் என் உழைப்பைத் தின்றார்கள். கால் தளர்ந்ததும் வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். நான் கேட்பது உன் சொத்தையல்ல. ஒரு பிடி அரிசி.'

மேலே ஒரு வெள்ளை மாட்டின் படம். அது புண்ணாக்குக் கடை விளம்பரத்துக்காகச் செய்த அச்சுக் கட்டை. மாட்டின் கண்ணுக்குக் கீழே உளியால் ஒரு சொட்டுக் கண்ணீர் செதுக்கினார்கள். அவ்வளவுதான்.

1928-இல் இதே வாசகத்துக்கு ராயபுரம் தந்தது பதினோரு படி அரிசி. போலீசு தந்தது ராசையாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு. தொழிலாளி என்று இருந்தவரை ஓரக்கண்ணாலும் பார்க்காத ஊர், மாடு என்றதும் விம்மி விம்மி அழுதது. வீட்டுக்கு வீடு அடுப்பங்கரையில் ஒரு கலயம். ஞாயிறுதோறும் சபை வண்டி வந்து தெருவுக்கு ஒரு சாக்காக அள்ளிப் போனது. இதைக் குறித்து ராசையாவுக்குக் கசப்பு இருந்தது. எழுத்து ஜெயித்ததில் பெருமையும் இருந்தது. இரண்டையும் ஒரே வெற்றிலையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

தெருக்குழாயடியில் எதிர்வீட்டு சாபிரா நோட்டீசை உரக்கப் படித்தாள். நாலு வரி படிப்பதற்குள் மூக்கை உறிஞ்சினாள். தெருமுனை மீனவர் வீட்டுப் பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கெங்கம்மா குடத்தை நிரப்பிக்கொண்டே மீதியை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"உனுக்கு எப்டிக்கா தெரியும்?" என்றாள் சாபிரா.

"ரெண்டு வருசம் இதுலதானே இட்லி மட்ச்சேன்."

இந்த அரிசியை வேலைநிறுத்த வருஷமே கொடுத்தாயிற்று, ஒரே நோட்டீசுக்கு இரண்டு தரம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முதல் சனிக்கிழமை ராசையா ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். நடுக்கூடத்தில் வைத்தார். நாலு வருஷமாக அந்த வீட்டுப் பானை அவள் இட்லிக் காசில் கொதித்தது. ஒவ்வொரு கவளமும் அவருக்குத் தொண்டையில் ஒரு கணம் நின்றுதான் இறங்கியது. இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நோட்டிலும் எழுதியதில்லை. அது அநீதிக் கணக்கில் வராது. அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"இன்னாய்யா இது?"

"அரிசி. நான் சம்பாரிச்சது."

"எங்க?"

"வரதனார் மண்டில. எழுத்துக்குக் கூலி, வாரம் ரெண்டு படி. அசல் ரங்கூன் அரிசி."

கெங்கம்மா முறத்தில் கொட்டிப் புடைத்தாள். சிவப்பு மோட்டா அரிசி கொஞ்சம். தெருக்கோடிக் குப்பம்மா ஒருத்தி மட்டுமே வாங்கும் நொய் கொஞ்சம். பூச்சி வராமலிருக்கப் பிலோமி போட்டு வைக்கும் வேப்பிலைச் சருகு இரண்டு. தம்பி நிக்காவில் மிஞ்சியது என்று சாபிரா வைத்திருந்த சீரகச் சம்பா, குட்டிகுட்டியாக, ஒரு கை. தெருவே முறத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ரங்கூன்ல வேப்பமரம் கீதா?"

"ஒலகம் பூரா கீது."

பட்டறைத் துரையிடம் நூறு கேள்வி கேட்ட மனிதர், இந்த அரிசி எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் தம்மிடமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்த கேள்வி அது. அதற்குப் பதிலாக, இனி இந்த வீட்டில் தம் சொல்தான் செல்லும் என்றும், நாளை முதல் அவளும் ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்.

"சரிய்யா" என்றாள் கெங்கம்மா.

பதினாலு வருஷத்தில் முதல் சரி. ராசையா அதைத் தேதியோடு குறித்துக்கொண்டார். எதிரி கேட்டவுடன் ஒப்புக்கொண்டால் பின்வாசலைப் பார் என்று சங்கத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஜெயித்தவனுக்குப் பின்வாசல் ஞாபகம் வருவதில்லை.

பின்வாசலில் நடந்தது இது. மறுநாள் விடியலில் துறைமுக வாசலில் இட்லி தின்ன வந்த வண்டிக்காரன் அப்பாவுவிடம் கெங்கம்மா எண்ணூர்க் கொட்டகையைப் பற்றிக் கேட்டாள். அவன் வரதனாரின் ஆள். கொட்டகையில் மண்டிச் சாக்கும் வைக்கோலும்தான் இருக்கிறது என்றான். சாபிராவும் பிலோமியும் கொடுக்கும் பிடி அரிசி மண்டிக்கே போய், கலப்பு அரிசி என்ற பெயரில் கூலிக்காரர்களுக்கு விலையாகிறது. ராசையாவுக்கு வேறு சாக்கைப் பிரிப்பானேன் என்று அவருடைய தெருச் சாக்கிலிருந்தே இரண்டு படி அளந்து கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் ஒரு மாடுகூட அங்கே இல்லையா என்று கேட்டாள்.

"மாடு எதுக்குக்கா அங்க? நோட்டீசுல அழுவுதே, அத்தோட ஜாடையில ஒண்ணு இதோ என் வண்டிலதான் கீது. கெழடு. கொட்டகையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது அதுக்கு."

கெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். மாடு மூட்டைச் சுமையோடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இட்லியை எடுத்து அதன் வாயில் வைத்துவிட்டு வந்தாள். அந்தச் சபையின் வரலாற்றில் ஒரு மாட்டுக்குக் கிடைத்த தானம் அது ஒன்றுதான்.

அன்று முதல், கெங்கம்மா சொன்னபடி, அந்தத் தெருப் பெண்கள் தினப் பிடியில் மஞ்சள்பொடி தடவிப் போட்டார்கள். அடுத்த ஞாயிறு வண்டி அள்ளிப் போன பின் வந்த சனிக்கிழமை, ராசையா வீட்டுச் சோறு பொன்னாக இருந்தது.

"இன்னா மே, சோறு மஞ்சளா கீது?"

"நீ சம்பாரிச்ச அரிசியாச்சே. மங்களமா இருக்கட்டும்னு மஞ்சளா கீது."

ராசையா இன்னொரு கரண்டி போடச் சொன்னார். இந்தத் தடவை ஒரு கவளமும் தொண்டையில் நிற்கவில்லை.

மாசி பிறந்ததும் பிடி அரிசி கொஞ்சம் குறைந்தது. எவ்வளவு பெரிய துக்கத்துக்கும் ஜனங்கள் ஒரு மாசம்தான் அழுவார்கள். ராசையா புதுத் திட்டம் ஒன்று கண்டுபிடித்தார். நாற்பது நாள் விடாமல் பிடி அரிசி கொடுத்தவர்கள், கொட்டகையில் தாங்கள் காப்பாற்றும் ஜீவனுக்கு விருப்பப்பட்ட பெயர் வைக்கலாம். சபையின் பெருவிழாவில், பொதுமக்கள் சாட்சியாக, அந்தப் பெயர் வாசிக்கப்படும். அதற்கு அச்சடித்த சீட்டு. கொடுத்தவர், பிடி, ஜீவனின் அடையாளம், பெயர் என்று நாலு கட்டம். கட்டம் போடுவதில் ராசையாவை மிஞ்ச ஆளில்லை. பிடி மறுபடி ஏறியது. வரதனார் மகிழ்ந்து, விழாவில் ராசையாவுக்குச் சால்வை போடுவதாக அறிவித்தார்.

பங்குனியில், ஒரு ஞாயிறு சாயங்காலம், ராயபுரம் கடற்கரை மணலில் விழா. நானூறு பேர் இருக்கலாம். நோட்டீசில் போட்டது நாலாயிரம். மேடையேறி முன்வரிசையைப் பார்த்த ராசையா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலை சீவி, கல்யாணத்துச் சிவப்புச் சேலை கட்டி, இரு பக்கமும் தெருப் பெண்கள் சூழ. மாவு அரைக்காமல் வந்திருந்தாள். முதலாவது அநீதியை இன்றே அடித்துவிடுவதென்று ராசையா முடிவு செய்தார். ஐந்தையுமே அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

சால்வை விழுந்தது. கைதட்டினார்கள். பெட்டியிலிருந்து சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

ராசையா வாசிப்பதில் ஒரு பழக்கம் இருந்தது. கண் பார்த்ததை வாய் சொல்லிவிடும். மூளை பின்னால் நடந்து வரும். 1928-இல் மேடையில் நீட்டிய ஒரு காகிதத்தை வாங்கிக் கணீரென்று கடைசி வரி மட்டும் வாசித்தார். அது கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும் உத்தரவு. கூட்டம் கலைந்தது.

தண்டையார்பேட்டைச் சீட்டுகள் முதலில் வந்தன. ஜீவன்களை ஒருவரும் பார்த்ததில்லையாகையால் அடையாளங்கள் அழகாக இருந்தன. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பெயர் முத்தம்மா. வலது கொம்பு வளைந்தது, பெயர் சொக்கன். ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். அடுத்த சீட்டை எடுத்தார். மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை ஞானபாக்கியத்தின் மணிமணியான எழுத்து. ஞானபாக்கியம் அவர் தெருக்காரி; தெருப் பெண்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"கொடுத்தவர்: கெங்கம்மா" என்று முழங்கினார் ராசையா. குரலில் பெருமை ததும்பியது. "பிடி: நாற்பது. எல்லாம் மஞ்சள் தடவியது."

முன்வரிசைப் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்தது, ராசையா வீட்டுக்குக் கொண்டுவந்த பையிலிருந்து சனிக்கிழமைதோறும் கெங்கம்மா எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு முடிச்சிலும் மஞ்சள் அரிசி.

வாய் நிற்கவில்லை. "அடையாளம்: இடது புருவத்தில் தடியடித் தழும்பு. சனிக்கிழமை பையோடு வரும். நாலு வருஷத்துக்கு முன் இதே நோட்டீசில் தொழிலாளியாக இருந்தது. வாரம் இரண்டு படிதான் தின்றது. மீதிச் சாக்குகளைத் தின்ற பெரிய ஜீவனின் அடையாளம் சாபிரா சீட்டில் காண்க."

அப்போதுதான் மூளை வந்து சேர்ந்தது.

வரதனார் உட்கார்ந்தபடியே மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்குக் காத்திராமல் மேடையின் பின்பக்கமாக இறங்கினார். அங்கே விழாவுக்குப் பெஞ்சி ஏற்றி வந்த வண்டியோடு அப்பாவு நின்றிருந்தான். நோட்டீசு மாடு அவரை முகர்ந்து பார்த்தது.

ராசையா கையில் சீட்டு இருந்தது. நாலாவது கட்டம் பாக்கி. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். மூச்சடைக்கிறதென்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் பெயர் சொல்லாத குற்றச்சாட்டு கோழையின் குற்றச்சாட்டு என்று இதே மணலில் எத்தனை தரம் முழங்கியிருக்கிறார். நானூறு முகமும் நிமிர்ந்து பார்த்தன. கெங்கம்மா சிரிக்கவில்லை. அடுப்பில் இட்லிக்குக் காத்திருப்பவளைப்போல் காத்திருந்தாள்.

"பட்ச்சிடுய்யா" என்றாள், அவருக்கு மட்டும் எட்டும் குரலில். "சாட்சி இல்ல, சாட்சி இல்லன்னியே. இத்தினி பேர் வந்து குந்திகினு கீறாங்கோ."

ராசையா சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"பெயர்: ராசையா."