பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

அச்சகத்தில் பிழை திருத்துபவரை எல்லோரும் 'கமா' என்றுதான் அழைப்பார்கள். அவருடைய சிவப்புப் பேனாவையே கடன் வாங்கி, வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைச் சுற்றி தாமதத்துக்கான இரண்டாவது வட்டத்தை மேனேஜர் போட்டார்.

மூன்று வட்டம் விழுந்தால் அடுத்த வார விடுமுறை ரத்து. பிறந்து இருபது நாளான மகளை அவர் இன்னும் கையில் வாங்கவில்லை. மாமனார் வீட்டிலிருந்து மனைவி அனுப்பிய படத்தில்தான் பார்த்திருந்தார்.

"சார், என் வாட்ச்ல எட்டு அம்பத்தெட்டுதான். இந்தச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முந்துது."

"உங்க வாட்ச் நேரம் உங்க கைக்கு. அச்சகத்துக்கு இதுதான் நேரம்."

சுவரில் 9:08 என்று எண்கள் ஒளிர்ந்தன.

"இது கரண்ட்ல ஓடுற கடிகாரம் சார். கரண்ட் செகண்டுக்கு அம்பது தடவை துடிக்கும். அதை எண்ணித்தான் இது நேரம் காட்டுது. துடிப்பு கூடினா நேரமும் ஓடிடும். அளந்தே காட்டுறேன்!"

பையிலிருந்து, இதற்கென்றே வாங்கிய புத்தம்புது டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்தார்.

"அளங்க. நிரூபிச்சா ரெண்டு வட்டத்தையும் அடிச்சிடுறேன். இல்லேன்னா மூணாவதையும் இப்பவே போட்டுடுவேன்."

மீட்டரோடு வந்த கையேட்டைக் கமா மூன்று முறை படித்திருந்தார். பதினொரு எழுத்துப் பிழைகளைத் திருத்தியும் வைத்திருந்தார். அதில் என்ன சொல்லியிருந்தது என்பதுதான் நினைவில்லை.

மீட்டர் வயர்களின் இரண்டு முனைகளையும் சுவரிலிருந்த பிளக் துளைகளில் செருகினார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"ஆக, கரண்டே இல்லாம கடிகாரம் ஓடுது" என்றார் மேனேஜர்.

கமா அசடு வழிய மீட்டரைப் பார்த்தார். சிவப்பு வயருக்கு இன்னொரு துளை இருந்தது. பக்கத்தில் '10A' என்று போட்டிருந்தது. பத்து என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று வயரை அதற்கு மாற்றி மறுபடி செருகினார்.

'டப்!'

பொறி பறந்தது. அச்சு இயந்திரங்கள் முனகி நின்றன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. கமா பதறி ஓடி, விழுந்திருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. கடிகாரம் 12:00 என்று கண்சிமிட்டியது.

"இப்போ மூணு மணி நேரம் லேட்" என்றார் மேனேஜர்.

எதிர்க்கடை எலெக்ட்ரீஷியன் அம்மாவை அழைத்து வந்தார்கள். மீட்டரைப் பார்த்ததுமே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆம்பியர் துளையில சிவப்பைப் போட்டுட்டு பிளக்குல குத்தினா, ரெண்டு கம்பியையும் ஒண்ணா முறுக்கின மாதிரிதான். உள்ள ஃபியூஸ் இருந்ததால தப்பிச்சீங்க. முதல்ல நடுவுல இருக்கிற குமிழை வேற நேர்கோட்டுக் குறியில வச்சிருக்கீங்க. அது பேட்டரிக்கு. சுவர் கரண்டுக்கு அலைக்கோடு! பூஜ்யத்தை நம்பிக் கம்பியைத் தொட்டிருந்தா? தெருவெல்லாம் படம் காட்டினீங்களே, அந்தப் பாப்பாவுக்கு அப்பாவும் படத்துலதான் இருந்திருப்பார்."

கமா மீட்டரை மெல்ல மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அந்த அம்மா தன் மீட்டரை எடுத்தார். கறுப்பு வயர் COM துளையில், சிவப்பு V துளையில், குமிழ் அலைக்கோட்டில், அதுவும் இருப்பதிலேயே பெரிய அளவில். விரல்களை முனையிலிருந்து தள்ளிப் பிடித்துச் செருகினார். 231 வோல்ட். பிறகு துடிப்பை எண்ணும் Hz பொத்தானை அழுத்தினார்.

"அம்பது. அச்சு அசலா அம்பது."

மேனேஜர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். கமா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் மகள் கொட்டாவி விட்டாள்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் எலெக்ட்ரீஷியன் அம்மா. "அம்பதுன்னா கடிகாரம் தானா முந்தாது. யாரோ கையாலதான் தள்ளி வச்சிருக்கணும்."

துடைப்பத்தோடு உள்ளே வந்த துப்புரவு அக்கா, கண்சிமிட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "அய்யய்யோ, இதை யாரு மாத்தினது? ரெண்டு வாரம் முன்னாடி நான்தானே பத்து நிமிஷம் கூட்டி வச்சேன்!"

கமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, காரணமே இல்லாமல் சிரித்தார். மேனேஜர் இரண்டு வட்டங்களையும் அடித்துவிட்டு, அந்தக் கோபத்தையெல்லாம் துப்புரவு அக்கா பக்கம் திருப்பினார்.

"யாரைக் கேட்டு அதுல கை வச்சே?"

"உங்க வீட்டம்மாவைக் கேட்டுத்தான் ஐயா. அப்படியாவது சாயங்காலம் நீங்க நேரத்தோட வீடு வந்து சேருவீங்களான்னு பார்க்கச் சொன்னாங்க."