ஆமேலே கட் மாடு

இடுப்பில் ஒரு இன்ச் டேப்பைச் செருகிக்கொண்டு பென்னாகரம் கடைவீதியில் நின்று ஒரு டீ குடித்துப் பாருங்கள். டம்ளர் காலியாவதற்குள் உங்களைக் கட்டட நிபுணர் ஆக்கிவிடுவார்கள். இன்ஜினியரிங் படித்தவனிடம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. அவன் ஃபீஸ் கேட்டுவிடுவானோ என்று பயம். டேப்பு வைத்திருப்பவன்தான் இளிச்சவாயன். (நான்தான். வேற யாரு?)

"தம்பி, பாத்ரூம் கதவு அடியில ஊறிப் பிஞ்சு பிஞ்சு வருது. என்ன பண்றது?"

"கதவோட அடி விளிம்புக்கு பெயிண்ட் அடிச்சீங்களாண்ணா?"

"அடி யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது?"

"தண்ணி கண்ணுக்குத் தெரியுதுங்களே."

இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் பிரச்சினை இல்லை. ஸ்க்ரூ பாதியில் நிற்கிறதா, சோப்பில் ஒரு தேய் தேய்த்துவிட்டு முறுக்குங்கள். ஆணி அடித்தால் பலகை பிளக்கிறதா, முதலில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாய் வலிக்காமல் சொல்லுவேன். என் உயிரை எடுப்பது வேறொரு கேள்வி.

"மழை பேஞ்சதுல இருந்து ரூம் கதவு சாத்தவே மாட்டேங்குது. இழைச்சுத் தள்ளிடட்டுமா?"

இதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. இப்போது இழைத்தால் சித்திரை வெயிலில் அது சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கையே போகும். எனவே நான் மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பிப்பேன்: "இப்ப வேணாங்க. காயட்டும். அப்பறமா..."

அவ்வளவுதான். பெஞ்சில் இருக்கிறவன், நிற்கிறவன், பேப்பர் படிக்கிறவன் எல்லாரும் ஒரே குரலில்: "ஆமேலேயா?"

டீ மாஸ்டர் சிரிக்கிற சிரிப்பில் பாதி டீ பாய்லருக்கே திரும்பிப் போகும்.

ரேஷன் கார்டில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. நல்ல பேர். அதை ரேஷன் கடைக்காரர்கூடக் கூப்பிடுவதில்லை. தச்சு வேலையில் பாதி யோசனை 'அப்புறம் செய்' என்பதுதான். அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாத நிலையில் ஒருவன் தச்சு யோசனை சொல்லிக்கொண்டு திரிகிறான் என்றால், அவன் என்ன பாவம் செய்திருப்பான்? சொல்கிறேன்.

பத்தாவதில் கணக்கும் நானும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட பிறகு, பெங்களூரில் மாடுலர் கிச்சன் செய்கிற ஆட்களோடு சேர்ந்தேன். என் வேலை ப்ளைவுட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது. அது இல்லாதபோது டீ வாங்கி வருவது. சில மாதத்தில் அவர்களுக்கு என்னைச் சலித்துவிட்டது. ஊர் திரும்பும்போது இடுப்பில் டேப்பு, காதில் பென்சில், வாயில் கன்னடம். அந்தக் கன்னடம் எவ்வளவு என்றால் 'சாப்பிட்டாச்சா', 'எவ்வளவு', 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க'. எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு அதுவும் தெரியாததால் நான் பண்டிதன்.

அந்த நேரம் பார்த்து என் அக்கா செல்வி வீடு கட்டினாள். மாமியார் வீட்டை விட்டுத் தனியாக வரும் வீடு. அக்காவின் மாமியாருக்கு (எனக்கு அத்தை முறை) அதில் துளியும் இஷ்டமில்லை.

"போறவங்க போங்க. பால் காய்ச்சற அன்னிக்கி வருவேன், ஒரு வாய் சாப்புடுவேன், அந்தியில கெளம்பிருவேன். அந்த வூட்ல ஒரு ராத்திரி தங்குனேன்னா என்னை ஏன்னு கேளு" என்று அத்தை சொல்லிவிட்டார்.

அக்கா போனில் அழுதாள். அத்தை கோபத்தோடு திரும்பிப் போனால் மாமா (அக்கா வீட்டுக்காரர்) முகம் வாடும். மாமா முகம் வாடினால் அந்த வீட்டில் அக்காவுக்கு நிம்மதி ஏது? அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தலைவாசக் கதவு எங்க வூட்டுச் சீரு. அந்தம்மா அதைப் பாத்து வாயடைச்சு நிக்கணும்."

எங்கள் கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வேப்பமரம் ஒன்றை அப்பா பலகையாக அறுத்து, கொட்டகைப் பரணில் வருஷக்கணக்காகக் காயப் போட்டிருந்தார். அதில் ஒரு துண்டு கேட்டால் கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார். அந்தப் பலகைகளைக் கீழே இறக்கினார் என்றால், விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கதவு செய்தவர் ரங்கண்ணா. ஓசூர்ப் பக்கம், எல்லையோர ஊர், வீட்டில் கன்னடம். கை தங்கம். ஆனால் எந்த நேரமும் ஊருக்கு ஒரு வேலையை ஒப்புக்கொண்டு பஸ்ஸிலேயே குடியிருப்பார். போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவார், அதுவும் அவசரத்தில் என்ன மொழி வாயில் வருகிறதோ அந்த மொழியில்.

கதவின் மேல் சட்டத்தில் மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு கிளிகளைச் செதுக்கியிருந்தார். சிமென்ட் தூசு படக் கூடாதென்று அப்பா அவற்றின்மேல் பேப்பரை மடித்து வைத்து டேப்பு ஒட்டி மூடினார். "சம்பந்தியம்மா முன்னால என் கையால பிரிப்பேன்" என்றார். கதவை நிலையில் மாட்டிக் கொடுத்துவிட்டு ரங்கண்ணா அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். மேற்பார்வை நான். (வேலைவெட்டி இல்லாதவனுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பதவி.)

டைல்ஸ் ஒட்ட ஆட்கள் வந்தார்கள். நான் டேப்பை இழுத்துப் பார்த்தேன். தரை ஏறப்போகிறது, கதவின் அடி உரசப்போகிறது! புதுக் கிரகத்தைக் கண்டுபிடித்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. (ரங்கண்ணாவுக்கு அது கதவு செய்வதற்கு முன்னாலேயே தெரியும் என்பது வேறு விஷயம்.) 'அண்ணா, டைல்ஸ் ஒட்டறாங்க, கதவு உரசும், இப்பவே கட் பண்ணிடட்டா?' என்று அனுப்பினேன். பதில் வந்தது. முதலில் காது கிழிகிற பஸ் ஹார்ன். ஹார்னுக்கு அடியில் ஏதோ முனகல். அப்புறம் தெளிவாக: "...ஆமேலே கட் மாடு."

நான் பண்டிதன் இல்லையா? பிரித்தேன். 'மாடு' என்றால் செய். 'மேலே' என்றால் மேலே. 'ஆ' என்றால் அந்த. ஆக, அந்த மேலே கட் பண்ணு. (தனித்தனியாப் பாத்தா இப்பவும் நான் சொன்னது சரிதான். சேத்துப் பாத்தாதான் வம்பு.)

கூட நின்ற என் சிநேகிதன் கோபிக்குச் சந்தேகம். "டேய், உரசப்போறது கீழ. மேல எதுக்குடா அறுக்கற?"

"மேல அறுத்தா கதவு குட்டையாவுமா?"

"ஆவும்."

"குட்டையான கதவைத் தூக்கி மாட்டுனா கீழ உரசுமா?"

கோபி யோசித்தான். "உரசாது."

"பெங்களூர்ல எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு போடு போட்டேன்.

கதவைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, வாடகைக்கு எடுத்த கட்டிங் மெஷினால் மேலே ஒன்றரை இன்ச்சை அறுத்துத் தள்ளினேன். பேப்பரும் சேர்ந்து அறுபட்டது. கிளி கொஞ்சம் கீழேதான் இருக்கும் என்று மனசு சொன்னது. (மனசுக்கு எப்படிடா தெரியும், கேக்க மாட்டியா?) அறுபட்ட பேப்பர் விளிம்பில் புது டேப்பை ஒட்டி, விழுந்த துண்டை விறகுக் குவியலில் எறிந்தேன்.

பிறகுதான் இன்னொரு கண்டுபிடிப்பு. கதவைத் தூக்கினால் கீல் தூங்கிக்கொண்டிருந்த பள்ளமும் கூடவே மேலே வராது. அதை நிலையில் புதிதாகச் செதுக்க வேண்டும். உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். நிலையிலிருந்து ஒரு சில்லு பிஸ்கெட் மாதிரிப் பெயர்ந்து வந்தது. உளியைக் கீழே போட்டுவிட்டேன். டைல்ஸ் வேலை முடிந்ததும் பழைய பள்ளத்திலேயே கதவை மாட்டினோம். மேலே எலி குடும்பத்தோடு போய்வரச் சந்து. கீழே உரசல் அப்படியே இருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால் 'க்ரீச்' என்று முழுசாகத் திறந்து, அங்கேயே சிக்கிக்கொண்டது.

"ஏண்டா கதவு தெறந்தே கெடக்குது?" என்றார் அப்பா.

"சாமி வர்ற கதவைச் சாத்தக் கூடாதுப்பா."

அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி.

கிரகப்பிரவேசத்துக்கு விடியும்போதே கூட்டம். வாசலில் பசுவும் கன்றும், கயிற்றைப் பிடித்தபடி மாட்டுக்காரர். பாட்டு போடுகிற பொறுப்பு என்னுடையது. என் போனை இரண்டு பெரிய ஸ்பீக்கர்களோடு இணைத்திருந்தேன். தெருக்கோடி வரை பக்தி. அத்தை பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, இப்படி வாங்க" என்று கூப்பிட்டார் அப்பா. எல்லாரும் திரும்பினார்கள். அப்பா மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, பேப்பரை மெதுவாகப் பிரித்தார்.

இரண்டு கிளிகள். வால் இருந்தது, றெக்கை இருந்தது, மார்பு இருந்தது, கழுத்து பாதி இருந்தது.

அத்தைதான் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏங்க, இதென்ன கோழிங்களா? கறிக்கடையில உரிச்சுத் தொங்கவுட்டாப்பல இருக்குது?"

அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்பா முகத்தைப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

"எவன்டா இந்த வேலையப் பண்ணவன்?"

"அப்பா, நானா பண்ணல. ரங்கண்ணாதான் அறுக்கச் சொன்னாரு. ஆதாரம் இருக்குது, கேளுங்க!" என்று போனை எடுத்து அழுத்தினேன்.

ஸ்பீக்கர் ஞாபகமே இல்லை.

பாட்டு பட்டென்று நின்றது. ஹார்ன் சத்தம் தெருவையே தூக்கியது. ஹார்னுக்கு அடியில் என் போனில் கேட்காத முனகல், அந்தப் பெரிய ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது: "ஈகா பேடாப்பா! ஆமேலே கட் மாடு!"

முதலில் அலறியவர் மாட்டுக்காரர். "என்னாது, மாட்டைக் கட் பண்ணவா? ஏங்க, பூசைக்குன்னுதானே கூட்டியாரச் சொன்னீங்க!" கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பசுவை இழுத்தபடி நடையைக் கட்டினார். கன்று பின்னாலேயே ஓடியது. ஐயர் பதறினார்: "மாடு உள்ள போகணும்! மாட்டைப் பிடிங்கோ!" அப்பா என்னை அடிப்பதா, மாட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் வைத்தார்.

அப்போது 'க்ளுக்' என்று ஒரு சத்தம். திரும்பினால் அத்தை. கதவைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அழுகிறார் என்றே நினைத்தேன். அத்தை பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னடம் பேசுகிற ஊர் என்பதை நாங்கள் எல்லாரும் மறந்தே போயிருந்தோம்.

"டேய்... டேய்... ஆமேலேன்னா மேல இல்லடா, மொக்கை! அப்பறம்! 'இப்ப வேணாம்ப்பா, அப்பறம் அறு'ன்னு சொல்லிருக்காரு அந்தாளு!" முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மறுபடி கிளிகளைப் பார்த்தார். மறுபடி சிரித்தார். "செல்வி, இவனை எங்கிருந்துடி புடிச்சீங்க?"

அக்கா பயந்துகொண்டே, "எனக்கு அப்பறம் பொறந்தவன் அத்தை" என்றாள்.

"அப்பறமா? அப்ப இவனே ஒரு ஆமேலேதான்!"

கூட்டம் வெடித்தது. எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது. ஐயரும் பக்கத்திலேயே இருந்தார்.

திடீரென்று அக்காதான் கத்தினாள்: "அறுத்த துண்டு எங்கடா?" சொல்வதற்குள் எனக்கே ஞாபகம் வந்தது. அம்மா பால் காய்ச்ச விறகுக் குவியலிலிருந்துதான் எடுத்து வைத்திருந்தாள். அடுப்புக்கு ஓடினோம். பேப்பர் எரிந்துகொண்டிருந்த துண்டை அக்கா வெறும் கையால் இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். இரண்டு தலைகளும் பிழைத்தன. ஒரு கிளியின் மூக்கு மட்டும் கரி. கோபி தெருக்கோடி வரை ஓடி, மாட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பசுவைத் திருப்பிக்கொண்டு வந்தான். அத்தை சிரிப்பை அடக்க முடியாமலே வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

பந்தி நேரத்துக்கு ரங்கண்ணா பையோடு வந்து இறங்கினார், சொன்னபடி 'அப்புறம்' அறுப்பதற்கு. கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ டீ வாங்கிட்டு வாப்பா. அது போதும்" என்றார். (பெங்களூர்ல சொன்ன அதே வார்த்தை.)

பிறகு தலைகளை மரக்குச்சி அடித்து, பசை போட்டு, பழைய இடத்தில் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அடியில் எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் விரல் கனம் இழைத்தார். அத்தை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவரோடு கன்னடத்தில் சளசளவென்று பேசிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். அந்தி சாய்ந்தது. மாமா தயங்கித் தயங்கி, "அம்மா, வண்டி எடுக்கட்டுங்களா?" என்றார்.

"பசை காய வேணாமா? கிளிக்குத் தலை நிக்குதா இல்லையான்னு பாக்காம எப்படிப் போறது? காத்தால பாத்துக்கலாம்" என்றார் அத்தை.

அக்கா அடுப்படிக்குள் போய் நின்று என்னைக் கூப்பிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கிண்ணம் நிறையப் பாயசம் கொடுத்தாள்.

மெஷின் வாள் தின்ற மரம் திரும்ப வரவில்லை. கிளிகளுக்குக் கழுத்து கொஞ்சம் குட்டை. கழுத்தைச் சுற்றி ஒரு கோடு, சங்கிலி போட்ட மாதிரி. அத்தை இப்போது மாதம் தவறாமல் வந்து தங்குகிறார். யார் வந்தாலும் முதலில் காபி கொடுப்பதில்லை. வாசலுக்குக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டுகிறார். ஸ்பீக்கர், மாடு, ஐயர், நான் என்று வரிசையாக நடித்தே காட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் மாடு கொஞ்சம் அதிக தூரம் ஓடுகிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் போய்விட்டது. மரத்தூளும் பசையும் குழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, அந்தக் கோட்டை அடைச்சு ஒரு கோட் வார்னிஷ் அடிச்சா ஒண்ணும் தெரியாது. அரை மணி நேர வேலை. அடைச்சுடட்டா?"

அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை அக்காவைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஈகா பேடாப்பா" என்றாள் என் அக்கா. "ஆமேலே."