ஃபாஸில் கட்டிய ஜின்

"டீச்சர், அந்த ஜின்ன எப்பிடித் திருப்பி அனுப்புற?"

ஃபாஸில் இப்படிக் கேட்டது தொலைபேசியின் மறுமுனையில் இருந்த மதனி டீச்சரிடம். ஃபாஸிலின் மகளைப் போல ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கதைகள் மூலம் உணர்வுகளைப் புரியவைப்பவர் அவர்.

"நான் உங்களை என்ன கதை சொல்லச் சொன்னனான்?"

"பயத்தப் பத்தி."

"ஓம், பயத்தைப் பற்றி. பயமுறுத்தச் சொல்லேல்ல."

ஃபாஸிலின் கவலை அவனுக்கு. கட்டுகஸ்தோட்டையில் அவன் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் மகாவலி ஆறு. ஏழு வயது மகள் ஷஹ்மாவுக்கோ தண்ணீரென்றால் பயமே கிடையாது. என்றாவது இறங்கிவிடுவாளோ என்று கடையில் துணி கிழிக்கும்போதுகூட அவனுக்கு அதே நினைப்புத்தான். அதனால்தான் ஆற்றில் ஒரு ஜின் இருக்கிறது, பிள்ளைகளைப் பிடிக்கும் என்று கதை கட்டினான். சிறுவயதிலிருந்தே ஜின் என்றால் அவனுக்கே குலைநடுக்கம். சொல்லி முடிப்பதற்குள் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

மறுநாள் மாலை சமையலறையில் ஈரக் காலடிகள் கிடந்தன. சின்னக் கால்கள்தான். ஆனால் ஜின்னின் கால் என்ன அளவு என்று யாருக்குத் தெரியும்? மனைவி மஸீனா மேல்மாடியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஷஹ்மா கதிரையில் உட்கார்ந்து சுவரோடு முணுமுணுத்தாள்.

"யாரோட பேசுற மகள்?"

"ஜின்னுக்கு ஒண்டு சொல்ல இருக்கு."

ஃபாஸில் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதின தண்ணீர் வாங்கிவந்து வீடெல்லாம் தெளித்தான். அதன்பிறகு எது ஜின்னின் ஈரம், எது லெப்பையின் ஈரம் என்றே தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து இருட்டுகிற நேரத்தில், டீச்சர் கொடுத்த முகப்படங்களில் பயந்த முகத்தை எடுத்து ஷஹ்மா அவனுக்கு நேரே நீட்டினாள். அவன் சட்டென்று பின்னால் பார்த்தான். அலுமாரி மட்டுமே நின்றது. அவள் படத்தை இறக்கவில்லை. மறுபடி பார்த்தான். அலுமாரிக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. அதன் பூட்டு உடைந்து வருடக்கணக்காகிவிட்டது என்பது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

இனிக் கதையை மாற்றுவதுதான் வழி.

"ஜின் பஸ் ஏறி வத்தேகமைக்குப் போயிட்டு மகள்."

"இல்ல வாப்பா. போகல்ல."

"எப்பிடித் தெரியும்?"

அவள் கண்ணிமைக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். "தெரியுது."

அதற்கு மறுநாள் மாலைதான் இந்த அழைப்பு.

"ஜின்ன விடுங்க டீச்சர். ஒருத்தர்ட முகத்தப் பாத்து அவர்ட மனச இவள் எப்பதான் விளங்கிக்கொள்வாள்? அதுதான் எனக்குக் கவல," என்றான் ஃபாஸில்.

பதில் வருமுன் திரும்பிப் பார்த்தான். கதிரை காலி. பின்கதவு அகலத் திறந்திருந்தது.

வெறுங்காலோடு ஓடினான். ஆற்றின்மேல் பனிப்புகார் படிந்து, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. யாரோ பேசும் குரல் மட்டும் கேட்டது. பிறகு புகாருக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள் மேலேறி வந்தன. ஃபாஸிலுக்குக் கலிமாகூட வாயில் வரவில்லை.

ஆற்றோரம் கீரை போடும் நல்லம்மா, ஷஹ்மாவின் கையைப் பிடித்திருந்தாள். பிள்ளையின் கால்கள் மட்டுமே நனைந்திருந்தன. அவன் மகளை அள்ளியெடுத்து விம்மி விம்மி அழுதான்.

"பயப்படாதீங்க மொதலாளி, தெனமும் நான்தான் கையப் புடிச்சிக்கிட்டு நிப்பேன், நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் நல்லம்மா. "ஆத்தப் பாத்து சலாம் சொல்லி, 'எங்கட வாப்பாவுக்கு ஒன்னயெண்டா சரியான பயம், பாவம், வீட்டுப் பக்கம் வந்திராத'ன்னு சொல்லிட்டுத்தான் புள்ள திரும்பும்."