தாயிப் மலைக்காரர்

சுற்றிச் சுற்றி மூன்றாவது முறையும், பாதையோரத்தில் உட்காருகிற அதே மர வாங்குதான் வந்தது.

“இது வேறை வாங்கு,” என்றார் உருத்திரமூர்த்தி.

“ஓம்,” என்றாள் சிவநேசம்.

ஜித்தாவில் ஆறு வருடம் லொறி ஓட்டிவிட்டு, அவர் மொன்றியலுக்கு வந்து இரண்டு கிழமைதான். அகதியாக முன்னமே வந்துவிட்ட மனைவி இங்கே பஸ் பிடித்தாள், மெற்றோ மாறினாள், கடைக்காரனிடம் பிரெஞ்சில் கதைத்தாள், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போனாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவருக்கென்று தெரிந்த ஒரே விஷயம் மலை. ஜித்தாவில் தார் உருகும் வெயிலுக்குத் தப்பி, லீவுக்கு லீவு தாயிப் மலையில் ஏறியவர். அந்தக் குளிரையும் குரங்குகளையும் பற்றி அவளுக்குக் கடிதம் கடிதமாக எழுதியவர். நகரத்தின் நடுவில் ஒரு மலையைக் கண்டதும் விடுவாரா?

“நாளைக்கு லீவெடும். நான் கூட்டிக்கொண்டு போறன்.”

மறுநாள் மலையில், அகலப் பாதை கிழவர்களுக்கு என்று சொல்லிக் குறுக்கே இறங்கினார். அது சேற்றில் முடிந்தது. சேற்றைச் சுற்றப் பற்றைக்குள் புகுந்தார். இடக்கால் சப்பாத்து சேற்றோடு தங்கிவிட்டது. அதைத் தடியால் கிண்டப்போய் முழங்கால் வரை இறங்கினார்.

“தாயிப்பிலை நாங்கள் சூரியனைப் பாத்துத்தான் வழி பிடிக்கிறது,” என்று அண்ணாந்தார். ஒக்டோபர் மாதத்துச் சூரியன் முகிலுக்குள் போய்விட்டது.

இப்போது, வாங்கடியில் நின்றவர்களைத் தாண்டி அரைக்காற்சட்டையோடு ஒருவன் ஓடிப்போனான்.

“அவன் வீட்டைதான் போறான். பின்னாலை வாரும்!”

மூச்சிரைக்க ஓடினார்கள். நாலாவது முறையாக வாங்கு வந்தது. அவன் தேகப்பயிற்சிக்குச் சுற்றுகிறவன்.

உருத்திரமூர்த்தி தொப்பென்று உட்கார்ந்தார். சிவநேசம் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி வார்த்துக் கொடுத்து, அவர் காற்சட்டைச் சேற்றை கைலேஞ்சியால் துடைத்தாள்.

“இஞ்சேரும்,” என்றார் மெல்ல. “வழி பிழைச்சுப்போச்சு. பயமாக் கிடக்கோ?”

“நீங்கள் பக்கத்திலை இருக்கேக்கை எனக்கென்ன பயம்?”

அவர் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, ஒரே கயிற்றைப் பிடித்தபடி பத்துச் சின்னப் பிள்ளைகள் வளைவில் வந்தார்கள். பின்னால் ஒரு தமிழ்ப் பெண். சிவநேசம் அவசரமாக முகத்தைத் திருப்பினாள். அதற்குள், கூட வேலை செய்கிற அந்த அல்போன்சம்மா கண்டுவிட்டாள்.

“சிவநேசமக்கா! கிழமைக்கு ரெண்டு தரம் கார்டெரிப் பிள்ளையளோடை இந்த மலையைச் சுத்துறது காணாதெண்டு, லீவு நாளிலையும் வந்து நிக்கிறியளே?”