பிரதி: பிள்ளையார், தகவலுக்காக

கடவுளுக்குப் பதிவுத் தபால் அனுப்பி, அது கிடைத்தது என்று கையொப்பமும் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருகோணமலைப் பக்கம் கட்டைபறிச்சானில் பால் மாடு வளர்த்தார். ஊர் அவரைக் கொப்பி அண்ணை, அதாவது பிரதி அண்ணை, என்று அழைத்தது. அவருடைய சொந்தப் பெயரை உறைகளின் இடது மூலையில் ஆயிரம் தடவையாவது பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவரை நினைத்தால் வாயில் வருவது கொப்பிதான்.

நான் அங்கே உப தபாலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். மாலையில் தபாலகத்தைப் பூட்டியதும் நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுதுவேன். ஆகவே கீழே வரும் கிழமைகளோடு யாரும் வாதாட வேண்டாம்.

கொப்பி அண்ணைக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு கடிதம் ஒரே ஒருவருக்குப் போனால் அது கடிதமல்ல, குசுகுசுப்பு. வீதி விளக்கு எரியாவிட்டால் மின்சாரக் கந்தோருக்குக் கடிதம் போகும். அதன் அடியில் 'பிரதி' என்று தலைப்பிட்டு ஆறு இடங்கள் இருக்கும்: பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், மிருக வைத்தியர், பொலிஸ், கடற்படை முகாம், கடைசியில் பிள்ளையார் கோயில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'தகவலுக்காக' என்று எழுதி அடிக்கோடு போடுவார்.

"வீதி விளக்குக்கும் மிருக வைத்தியருக்கும் என்ன சம்பந்தம் அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருட்டில மாட்டுக்குப் போடுற ஊசியை எனக்குப் போட்டிட்டுப் போனா?"

"சரி. தகவலுக்காக எண்டு போட்டா ஆர் நடவடிக்கை எடுக்கிறது?"

"நடவடிக்கைக்காக எண்டு போட்டா ஆக்கள் பயந்து போவினம், போஸ்மாஸ்டர். தகவலுக்காக எண்டா ஒருத்தருக்கும் வேலை இல்லை. சந்தோசமா வாசிப்பினம்."

பிள்ளையாருக்குப் போன பிரதிகளைக் கோயில் ஐயர்தான் வாங்கினார். பெறுநர் கையொப்பமிடும் இடத்தில் 'பிள்ளையாருக்காக' என்று எழுதிக் கையொப்பமிடுவார். ஐயர் திட்டிக்கொண்டேதான் கையொப்பமிடுவார். அது ரசீதில் தெரியாது.

வீட்டிலும் இதே ஒழுங்குதான். சோற்றில் உப்புக் குறைந்த ஒரு வியாழக்கிழமை, மனைவிக்கு எழுத்தில் அறிவித்தார். பிரதி, மூதூரில் இருந்த அவவின் தமையனுக்கு. மனைவி அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி, சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே வைத்தார்: 'உப்புப் போத்தல் குசினியில், வலது பக்க அலுமாரியில். பிரதி: உங்கட கைக்கு, நடவடிக்கைக்காக.'

அந்தப் பதிலை அவர் எனக்குக் கொண்டுவந்து காட்டினார். "வடிவம் சரி. திகதி மட்டும் போடேல்லை," என்றார் பெருமையாக.

அவரிடம் பதினொரு பசுக்கள் நின்றன. அதில் ஒன்றுக்கு, கந்தோர்ப் பெரிய அதிகாரியின் பதவியை வைத்து, பணிப்பாளர் என்று பெயர். நிறையத் தின்னும், அரைப் போத்தல் பால் தரும், கேள்வி கேட்டால் உதைக்கும். மற்றப் பத்தும் நல்ல கறவை. அதுதான் அவருடைய துன்பம்.

மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் எங்கள் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். புல் வந்தால் பால் வரும். பால் சங்கத்தின் சேகரிப்பு நிலையத்தில் குளிரூட்டும் டாங்கி ஒன்றுதான். அது நிறைந்தால் பவுசர் லொறி வந்து எடுத்துப்போக வேண்டும். பவுசர் போய்ச் சேரும் தொழிற்சாலை ஐந்து மணிநேரத் தூரத்தில் இருந்தது. தையில் அங்கேயும் பவுசர்கள் வரிசையில் நிற்கும், உள்ளே இடமிருக்காது. ஆகவே எங்கள் நிலையத்துக் கதவில் ஒரு மட்டை தொங்கும்: 'இன்று மாலைப் பால் எடுக்கப்படமாட்டாது.'

"மட்டையை மாட்டுக்கு வாசிக்கத் தெரியாதே, போஸ்மாஸ்டர்," என்பார் கொப்பி அண்ணை.

மாலைப் பாலில் வீட்டுக்கு வேண்டியது போக, மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று நகரத்தார் கேட்பார்கள். பக்கத்து வீட்டிலும் மாடு நின்றது. வாய்க்கால் வெள்ளையாக ஓடும். அதைக் கடந்து போய்த்தான் எதிர்க் கடையில் தபாலகத்துத் தேநீருக்கு நான் பால்மா வாங்குவேன். ஒருநாள் என் கையில் பால்மா பக்கெற், அவர் கையில் வெறும் பால் கான். நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டோம்.

"எந்த நாட்டு மாடு?" என்று கேட்டார்.

பக்கெற்றைத் திருப்பி வாசித்துச் சொன்னேன்.

"அங்க டாங்கி பெரிசு போல," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பாலில்லாத பிளேன் ரீ குடித்தேன்.

அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு போத்தல் பாலோடு வந்தார். (திங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. அந்தத் திங்கள் பௌர்ணமி, போயா விடுமுறை.) மாவட்டச் செயலகத்துக்கு அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டுமாம், சான்றுப் பொருளாக.

"திரவம் ஏலாது அண்ணை. சட்டம்."

போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார். புதன்கிழமை ஒரு சட்டியோடு வந்தார். உள்ளே தயிர்.

"இப்ப திரவம் இல்லை," என்றார்.

"தயிரும் தண்ணி விடும்."

"என்ர தயிரோ? கவிட்டாலும் விழாது. பாருங்கோ!"

என் பதிவுத் தபால் பதிவேட்டின்மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு கணம் நின்றது. எருமைத் தயிர் என்றால் கடைசிவரை நின்றிருக்கும். அவரிடம் இருந்தவை பசுக்கள்.

பதிவேட்டில் அந்தப் புதன்கிழமைப் பக்கம் அடுத்த பக்கத்தோடு இன்றைக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மறு வருடம் சங்கத்துக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. ஓர் உதவித் திட்டம் எங்கள் பாலை எங்கள் இடத்திலேயே பதப்படுத்த ஒரு சிறிய நிலையம் கட்டித்தர முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பங்குனி முடிவதற்குள் சுற்றாடல் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். தெரிந்தெடுத்த காணி ஓடைக்கரையில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று எதிர்ப்புகள் கிளம்பின. பக்கத்தில் உல்லாசப் பயணிகள் தங்கும் வாடி வீட்டின் முதலாளி, கெட்ட மணம் வரும் என்றார். நகரத்துப் பறவை ஆர்வலர்கள் பறவைகள் போய்விடும் என்றார்கள். மூன்றாவது, அந்த ஓடையில் வலை வீசும் மூதூர்க்காரர், இறால் நானா. அவர் என் தபாலகத்துக்கே வந்து கொப்பி அண்ணையைப் பிடித்தார்.

"என்ன அண்ணே, ஒங்கட டாங்கி கழுவின தண்ணிய எங்கட இறாலுக்கா ஊத்தப் போறீங்க?"

மற்ற இருவரையும்விட இவருடைய பயம் நியாயமானது. கொப்பி அண்ணைக்கும் அது தெரிந்தது. நிலையத்தின் வரைபடத்தை என் மேசையில் விரித்தார். "இஞ்ச பாருங்கோ நானா. கழிவுத் தண்ணி இந்த ரெண்டு தொட்டியில நிண்டு, தெளிஞ்சு, புல்லுக்குப் போகுது. ஓடைக்கு ஒரு சொட்டும் வராது."

"எழுதித் தருவீங்களா?"

"அது ஒண்டுதானே எனக்குத் தெரியும்!"

எழுதிக் கொடுத்தார், ஆறு பிரதிகளோடு. நானா மகளைக் கொண்டு சுற்றாடல் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதுவித்து வந்தார். தலைப்பு: 'சம்மதம்.' ஒரு சொல்தான். "இப்படியும் ஒரு தலைப்போ," என்று கொப்பி அண்ணை முகத்தைச் சுளித்தார்.

சுற்றாடல் கந்தோரின் அறிவித்தல் வெளிவந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'கருத்துகளை' என்று இருந்ததாம். தமிழில், 'பால் பதனிடும் நிலையம் தொடர்பான ஆட்சேபனைகளை முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவும்' என்றிருந்தது. ஆட்சேபனை இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சும்மா இருப்பதா? நான்தான் யோசனை சொன்னேன். சங்கத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிடாமல் ஆளுக்கொரு கடிதம் போட்டால் கனம் இருக்கும் என்றேன்.

கொப்பி அண்ணை ஐந்து நாள் இருந்து நாற்பத்தொன்றையும் தன் கையால் எழுதினார். உள்ளே எழுதியது நல்ல, நேரான தமிழ்: 'இந்த நிலையம் எமக்கு வேண்டும். எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.' தலைப்பில் மட்டும் அவர் யாரையும் கை வைக்க விடவில்லை. "அறிவித்தலில என்ன சொல்லு இருக்கோ அதே சொல்லு இருக்க வேணும். இல்லாட்டிக் கோப்பு மாறிப் போயிடும்." ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும், அடிக்கோட்டோடு: 'விடயம்: பால் பதனிடும் நிலையம் தொடர்பான ஆட்சேபனை.'

இன்னொன்றும் செய்தார். விடயம் பெரிது என்பதால், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆறு பிரதிகளுக்கும் பக்கத்தில் 'தகவலுக்காக' என்று எழுதாமல் 'நடவடிக்கைக்காக' என்று எழுதினார்.

உறையில் இடுமுன் எல்லாவற்றையும் என்னிடம் தந்தார். "திகதி சரியோ பாருங்கோ."

பார்த்தேன். இரண்டில் கிழமை பிழையாக இருந்தது, திருத்தினேன். திகதிக்கு இரண்டு வரி கீழே இருந்த தலைப்பைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஏலாது. பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கடிதமும் ஆறு பிரதியுமாக, இருநூற்று எண்பத்தேழு உறைகளில் முத்திரை குத்தினேன். மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது.

பங்குனி கடைசி வாரம், புதன்கிழமை, பதில் வராததால் இருவரும் பஸ் ஏறித் திருகோணமலைக் கந்தோருக்குப் போனோம். அதிகாரி இளம் சிங்களப் பிள்ளை, மரியாதையானவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு ஆள் போடவில்லை. கதிரை தந்து, ஒரு தடித்த கோப்பை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார்.

"திட்டம் நல்ல திட்டம் ஐயா. ஆனா இவ்வளவு எதிர்ப்பு இருக்கே. ஆட்சேபனை இருநூற்றி எண்பத்தொன்பது. ஆதரவு ஒண்டு."

"ஒண்டோ? ஆர்?"

தேடி எடுத்துக் காட்டினார். இறால் நானாவின் கடிதம்.

மற்றவற்றைத் திறந்தார். கொப்பி அண்ணையின் கையெழுத்து. அடுத்தது, கொப்பி அண்ணையின் கையெழுத்து. பிரதி கிடைத்த ஒவ்வொரு இடமும் உரிய நடவடிக்கை எடுத்திருந்தது: அதை இந்தக் கந்தோருக்கு அனுப்பிவைத்திருந்தது. பிள்ளையாரும் அனுப்பியிருந்தார், நாற்பத்தொன்றையும், கோயில் முத்திரையோடு. தபாலில் ஒன்றுகூடத் தொலையவில்லை. என் சேவைக் காலத்தில் வேறெப்போதும் அப்படி நடந்ததில்லை.

"இதெல்லாம் ஆட்சேபனை எண்டு எப்பிடி சேர் முடிவு செய்தனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன்.

அதிகாரி மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஒரு துண்டைக் காட்டினார். அதில் யாரோ பெரிய எழுத்தில் 'ஆட்சேபனை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வடிவத்தைத் தலைப்புகளோடு ஒப்பிட்டிருக்கிறார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதிகாரி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "ஐயோ ஐயா... முடிவு மேலிடத்துக்குப் போயிட்டுது. மாத்தலாம். ஆனா புதுசா அறிவித்தல் போட வேணும். முப்பது நாள்."

எங்களிடம் ஐந்து நாள் இருந்தது.

ஒரு விளக்குக்கு ஏழு கடிதம் எழுதியவர் அன்று அந்தக் கோப்பைத் தானே மூடி வைத்துவிட்டு எழும்பினார். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார். "தகவலுக்காக எண்டே விட்டிருக்கலாம், போஸ்மாஸ்டர்."

"ஆளுக்கொரு கடிதம் எண்டு சொன்னது நான்தானே," என்றேன்.

திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அந்தக் காணியில் இப்போது எருக்கலை நிற்கிறது. பறவைகளும் அங்கே இல்லை, வாடி வீட்டுக் கட்டடம் நீண்டதில் அவை எப்போதோ போய்விட்டன. அதற்கு யாரும் அறிவித்தல் போட்டதாக எனக்குத் தெரியாது. அடுத்த தையில் மட்டை மறுபடி தொங்கியது. இந்தமுறை, 'இன்று பால் எடுக்கப்படமாட்டாது.' மாலை என்ற சொல் இல்லை.

சங்கத்தில் யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒருவர் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "அண்ணை, அடுத்தமுறை எங்களை எதிர்த்து எழுதுங்கோ, தப்பிடுவம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொப்பி அண்ணையும் சிரித்தார். பிறகு பசுக்களை ஒவ்வொன்றாக விற்றார். பத்துப் போயின. பணிப்பாளரை வாங்க ஆளில்லை.

தபாலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீதி விளக்கு அணைந்தது, ஐந்து மாதம் இருட்டாகவே கிடந்தது. ஐயர்கூட ஒருநாள் வந்து, "என்ன, ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, தபால் பெட்டியைத் திறந்தபோது எனக்கே ஓர் உறை கிடந்தது. அந்தக் கையெழுத்து. 'விடயம்: தயிர்' என்றிருந்தது. அன்று பதிவேட்டைப் பழுதாக்கியதற்கு வருந்துகிறாராம். பணிப்பாளர் இன்னும் அரைப் போத்தல் கறப்பதாகவும், நாளையிலிருந்து அது என் வீட்டுக்கு வரும் என்றும், பால்மாத் தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். திகதி சரி. கிழமையும் சரி.

பிரதிகளின் பட்டியலைத் தேடி அடியில் பார்த்தேன். இல்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கமும் வெறுமை. பெறப்பட்ட திகதி முத்திரையை எடுத்து, ஓர் எழுத்திலும் மை படாமல், மூலையில் மெதுவாகக் குத்தினேன்.