பிக்கப்பைப் பிழைக்க வைப்பவர்

பழைய பிக்கப் வண்டியைப் பிழைக்க வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று வருடம் தேசம் தேசமாகச் சுற்றியதில் நானும் போன இடமெல்லாம் பார்த்தேன். மொழி மாறும், உடை மாறும், நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் மட்டும் மாறாது. ஆனால் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர்.

நான் வந்து இறங்கி, பையைத் தோளிலிருந்து கழற்றுவதற்குள் அத்தான் கேட்ட முதல் கேள்வி, உடம்பு எப்படி இருக்கிறது என்பதல்ல. "அங்கெல்லாம் பழைய சாமான் கடையில எங்கயாவது இடது பக்கப் பின்விளக்குக் கண்ணாடி கண்ணுல பட்டுச்சா?" என்பதுதான். படவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து, பிறகு எதற்காகத்தான் ஊர் சுற்றினேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்த இனத்தார் வீட்டுக்கு நீங்கள் போனால், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன் ஷெட் வந்துவிடும். அங்கே நாலு கட்டைமேல் நிற்கும் வண்டியின் உறையை, தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல் விலக்கி, கதவைத் தடவிப் பார்க்கச் சொல்லி, அது ஏழு கோட்டிங் பெயிண்ட் என்று அறிவித்து, ஏழையும் தனித்தனியாக விளக்கி, மூன்றாவது கோட்டிங்கில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டதால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிய சோகத்தையும் சொல்லி முடிக்கும்போது, உங்கள் கால் மரத்துப்போயிருக்கும். அப்போது "ஓடுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தொட்டில் குழந்தையிடம் எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஓடுவதாவது! ஆறு வருடமாக அதற்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அதற்கு வேண்டிய ஸ்க்ரூ தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அது ஒரிஜினல் இல்லை. ஒரிஜினல் கடல் கடந்து வரவேண்டும். வரும். வந்தால் அது வேறு வருடத்து மாடலுக்கானது. இதில் அவருக்கு வருத்தமா? சேச்சே. அந்த வருடத்து வண்டி ஒன்றையும் வாங்கிப் போட்டால் என்ன என்று யோசிப்பார்.

அக்கா தையல் சொல்லிக்கொடுப்பவள். அந்த ஷெட்டில் வகுப்பு நடத்தவேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. நாலு தையல் மெஷின்கள் படுக்கையறையில் நிற்கின்றன. ஒருக்களித்து நடந்தால்தான் கட்டிலுக்குப் போய்ச் சேரலாம். வகுப்பில் சேரக் காத்திருந்த ஆறு பெண்களில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வண்டி தானாக ஓடி வெளியே வந்து தெருவில் நிற்கவேண்டும்; இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் இழுத்துப்போவார். எப்படியானாலும் ஷெட் அவளுக்கு.

ஞாயிறு காலையில் இரும்புக்காரர் கயிறும் கையுமாக வந்துவிட்டார். அத்தான் அவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைத் தடவச் சொன்னார். அவர் பொறுமையாகத் தடவிவிட்டு, கதவு மட்டும் எத்தனை கிலோ தேறும் என்று விசாரித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அத்தான் வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கிச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. கனைத்தது. பிறகு, அத்தான் உட்பட யாருமே எதிர்பாராதபடி, கிளம்பிவிட்டது! எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் கைதட்டினேன். இரும்புக்காரரும் தட்டினார். வெளியே நிறுத்தும்வரை நம்பமுடியாது என்று அக்காவும் ஏறி உட்கார்ந்தாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. ஷெட் காலி. அத்தான் இறங்கவில்லை, நாளையிலிருந்து என்ன செய்வது என்று தெரியாதவராக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்காவும் இறங்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். அடுத்த வீட்டில் ஓடும் தையல் மெஷினில் எந்த ஸ்க்ரூ லூஸ் என்று இங்கிருந்தே சொல்லுகிற காது அது.

"ஏங்க, என் காலுக்குக் கீழ டிக்டிக்குன்னு ஒண்ணு கேக்குதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கு என்னிக்குக் கேட்டிருக்கு? வண்டிய உள்ள விடுங்க. இத இப்படியே எப்படி வெளியில நிறுத்தறது?"

அத்தான் ரிவர்ஸ் எடுத்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! அக்கா இரும்புக்காரரை அனுப்பிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். அப்புறம் இரண்டு ஜோடிக் கால்கள்தான் வெளியே தெரிந்தன. மெஷின்கள் படுக்கையறையிலேயே இருக்கின்றன. மீதி நாலு பெண்களிடம், ஷெட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது தொற்றக்கூடியது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த டிக்டிக் முன்சக்கரத்திலிருந்து வந்திருக்குமா, கியர் பெட்டியிலிருந்து வந்திருக்குமா என்று ஒரு நொடியாவது யோசித்தீர்களா? யோசித்திருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுங்கள்.

கியர் பெட்டி இல்லை. நாங்கள் கழற்றிப் பார்த்துவிட்டோம்.